வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் பனிக்காலப் பறவைகள்: சென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"பறவை பார்க்கணும்னா வேடந்தாங்கல் போகணுமே, 75 கிலோமீட்டர் யார் போறது" என்று சொல்லிக்கொண்டே நான் மூன்று பனிக்காலத்தை வீணாக்கினேன். அப்போது எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட சைக்கிள் தூரத்தில் இருக்கும் ஏரியில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த வாத்துகள் சாவகாசமாக மிதந்துகொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் போனதெல்லாம் மளிகைக் கடைக்குத்தான்.

இதை எழுதுவது முக்கியமாக ஒரு விஷயத்தைச் சொல்ல. பத்து ஏரிக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே ஏரிக்குப் பத்து முறை போவதுதான் லாபம். அங்கே போனதும் பறவையைத் தேடாமல் முதலில் தண்ணீரைப் பாருங்கள். எவ்வளவு ஆழம், எங்கே சேறு தெரிகிறது, எங்கே ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஏரி

வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஒன்றைப் பிடியுங்கள். அதிகாலையில் எழுந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து போக வேண்டிய இடம் என்றால் இரண்டாவது வாரமே போர்வை ஜெயித்துவிடும்.

தென்சென்னைக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை அதிகம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, ரேடியல் சாலை ஓரத்தில் வனத்துறையின் சூழலியல் பூங்காவில் நடைபாதையும் இருக்கிறது. அதற்குத் தெற்கே மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டிப் பெரும்பாக்கம் ஏரி, என்னைக் கேட்டால் நகரத்துக்குள் வாத்து பார்க்க முதலில் போக வேண்டிய இடம் அதுதான். சிட்லபாக்கம், சித்தாலப்பாக்கம், மாடம்பாக்கம் என்று தாம்பரம் பக்கம் ஏரிக்குப் பஞ்சமில்லை. மேற்கே போரூர், செம்பரம்பாக்கம். வடக்கே கொரட்டூர், அம்பத்தூர், ரெட்டேரி, புழல். நகரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கிறது. அங்கே அபூர்வமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நீர்க்காகத்தையும் மீன்கொத்தியையும் வக்காவையும் பக்கத்திலிருந்து பார்த்துப் பழக நல்ல இடம்.

ஒரு எச்சரிக்கை. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் எல்லாம் குடிநீர்த் தேக்கங்கள். கரையில் எல்லா இடத்திலும் ஏற விட மாட்டார்கள், மதகுப் பக்கம் பெரிய லென்ஸோடு நின்றால் கேள்வி வரும். போர்டைப் பார்த்து, காவலரிடம் கேட்டு, அனுமதி உள்ள இடத்தில் நில்லுங்கள். சாலையோரத்திலிருந்தே நிறையத் தெரியும்.

ஏரியின் உடம்பைப் படிப்பது

இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்ம பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மேற்கிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தத்தான் ஏரி வெட்டினார்கள் என்பதால், பல ஏரிகளுக்கு உயரமான கரையும் மதகும் கிழக்குப் பக்கமாக இருக்கும். ஆழம் கரையை ஒட்டித்தான். மேற்கே, உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தண்ணீர் முழங்கால், கணுக்கால் என்று குறைந்து கடைசியில் வெறும் சேறாகி, அப்புறம் மாடு மேயும் புல்லாகிவிடும்.

பறவை பார்ப்பவருக்கு இதில் இரண்டு செய்தி. ஒன்று, காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். எதிர்ப்பக்கம் போய் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான், கண்ணும் கூசும். மாலையில் இது அப்படியே தலைகீழ். இரண்டாவது செய்தி, சேற்றுப் பறவைகளான உள்ளான்கள் காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் கரைப் பக்கம் வராது, அவை எட்டத்தில் உள்வாயில்தான் இருக்கும். அதனால் வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் போன்ற நீந்தும் பறவைகளைக் காலையில் கரையிலிருந்தும், உள்ளான் வகையறாவை மாலை நாலு மணிக்குமேல் உள்வாய்ப் பக்கத்திலிருந்தும் பார்ப்பது என்று நான் பிரித்துக்கொண்டேன். எல்லா ஏரிக்கும் இதே திசை இருக்காது. செல்போன் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து உங்கள் ஏரியின் கரை எந்தப் பக்கம் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு இடம் கலங்கல். நல்ல மழைக்குப் பிறகு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழியும்போது மீனும் சேர்ந்து வழியும், கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் அங்கே ரேஷன் கடை வரிசைபோல நிற்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் அருகருகே ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

எந்த மாதம் என்ன

என் முதல் சீசனில் நவம்பர் கடைசியில், பெரிய மழை விட்ட மறுவாரம், ஆசையாகக் கிளம்பிப் போனேன். ஏரி கடல்போல நிரம்பியிருந்தது, பறவை மட்டும் இல்லை. நாலு நாமக்கோழி, ஒரு மீன்கொத்தி, அவ்வளவுதான். கரையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கொக்கு பாக்க வந்தியா? இவ்ளோ தண்ணில அது எங்க நிக்கும்? தண்ணி வத்தட்டும், தை மாசம் வா, உள்ளான் எறங்கும்" என்றார். நான் அதுவரை படித்திருந்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி எனக்கு உபயோகமாக இருந்தது.

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். சேற்றைக் குத்தித் தின்னும் சின்ன உள்ளான்களுக்கு ஓரிரு அங்குலத் தண்ணீர்தான் தாங்கும். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும். தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி மேயும் வாத்துக்குக் கழுத்து எட்டும் ஆழம் வேண்டும். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் ஆழம் பிரச்சினையே இல்லை. ஆக, ஏரி வற்ற வற்ற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்தக் காலத்தில் ஏரியைவிட வானத்தையும் மின்கம்பியையும் பாருங்கள். தகைவிலான்கள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், புதர் உச்சியில் பழுப்புக் கீச்சான் கத்தும், நீலவால் பஞ்சுருட்டான் வந்திருக்கும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் வாத்துகள் கூடும். தை, மாசியில் சேறு வெளியே வரும்போது உள்ளான், கருவால் மூக்கன், பச்சைக்காலி எல்லாம் இறங்கும், சென்னை ஏரிகளுக்கு உச்சகட்டம் இதுதான் என்பது என் கட்சி. பங்குனியில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும்.

நாளிதழில் தினமும் ஏரிகளின் நீர்மட்டம் போடுகிறார்களே, செம்பரம்பாக்கம் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு என்று, குடிதண்ணீருக்காக நாம் பார்க்கும் அந்தப் பெட்டிச் செய்திதான் எனக்குப் பறவைக் காலண்டர். 23 அடியில் நிற்கிறதென்றால் அங்கே சேறு தேடிப் போய்ப் பயனில்லை, நடு நீரில் கூழைக்கடாவையும், பட்டுப்போன மரத்தில் அல்லது கம்பத்தில் விரால் அடிப்பானையும் தேடலாம். மட்டம் இறங்க ஆரம்பித்த பிறகு ஓரங்களைப் பார்க்கலாம். உங்கள் சின்ன ஏரிக்கு நாளிதழில் இடம் கிடைக்காது என்பதால் நீங்களே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மதகுப் படியில் எத்தனையாவது படி நனைந்திருக்கிறது என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

பைனாகுலர்

முதலில் நான் வாங்கிய பைனாகுலரில் 20 மடங்கு, 30 மடங்கு என்று பெருமையாக அச்சடித்திருந்தது. ஏரியில் வைத்துப் பார்த்தால் பறவை ஆடியது, கை ஆடியது, அப்புறம் தலை சுற்றியது. அதை இப்போது என் அக்கா மகன் கிரிக்கெட் பார்க்க வைத்திருக்கிறான்.

8×42 என்று கேட்டு வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்து சொச்சம் வரும், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. விடிகாலை மங்கலில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த ஐந்து மில்லிமீட்டர்தான் உதவும். 10×42-உம் ஏரிக்குச் சரி, ஆனால் கை கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும். அதற்கு மேலே போவதென்றால் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்தான், அது இரண்டு சீசன் கழித்து யோசிக்க வேண்டிய செலவு. தொடக்கத்துக்கு ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே தாராளம்.

வாங்கியதும் ஒரு வேலை, முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதே இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி, எட்டத்தில் இருக்கும் ஒரு போர்டின் எழுத்து இடது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி வையுங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். உங்கள் இரண்டு கண்ணுக்கும் இருக்கும் வித்தியாசம் சரியாகிவிட்டது, இனி நடுச் சக்கரம் போதும். கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், பைனாகுலரின் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பது முதல் நாள் எல்லோருக்கும் வராது. பறவையைப் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து பைனாகுலரைத் தேடிவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துபோயிருக்கும். மொட்டைமாடியில் காக்காயை வைத்து இரண்டு நாள் பழகினால் வந்துவிடும்.

போகிற நாள்

டிசம்பர், ஜனவரியில் சென்னையில் ஆறேகால், ஆறரை வாக்கில்தான் விடியும். விடியும்போது கரையில் இருக்க வேண்டும். எட்டரைக்குமேல் வெயில் ஏறி, தண்ணீர்மேல் கானல்போலப் படம் ஆட ஆரம்பிக்கும், நடைப்பயிற்சிக் கூட்டமும் சேர்ந்துவிடும். மார்கழி மாதம் என்றால் இன்னொரு தொந்தரவு, கோயில் ஒலிபெருக்கி. பறவைக்கு அது பழகிவிட்டது, நமக்குத்தான் பறவையின் குரல் காதில் விழாது.

வெள்ளைச் சட்டை, மின்னும் மஞ்சள் டி-ஷர்ட் வேண்டாம், மண் நிறமோ பச்சையோ போடுங்கள். தொப்பி, தண்ணீர், கொசுவுக்கு ஒரு களிம்பு, சின்ன நோட்டு, பேனா. காலுக்கு மூடிய ஷூ கட்டாயம். ஏரிக்கரையில் உடைந்த பாட்டில் எப்போதும் உண்டு, புல்லுக்குள் கண்ணாடி விரியனும் இருக்கலாம். தண்ணீரில் நெளிந்து போவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப்பாம்புதான், ஆனாலும் அதைக் கிட்டப் போய் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டாம். தெருநாய்க் கூட்டம் இருக்கும் ஏரி என்றால் தனியாகப் போகாதீர்கள். பெண்கள் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது என்று என் தோழிகள் சொல்வார்கள், ஆள் நடமாட்டம் இல்லாத உள்வாய்ப் பக்கம் எனக்கே சில நாள் தனியாகப் போகத் தோன்றாது. சேறு காய்ந்ததுபோலத் தெரியும் இடத்தில் கால் வைக்காதீர்கள், மேல் ஓடு மட்டும் காய்ந்து உள்ளே இடுப்பளவு புதையும்.

போனவுடன் நடக்காதீர்கள். ஒரு இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். நீங்கள் வந்ததில் பதறிப் போன பறவைகள் அதற்குள் திரும்பித் தம் வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும்.

ஏரியைத் துண்டு போட்டுப் பார்ப்பது

நிறையப் பேர் பைனாகுலரை எடுத்ததும் இடமிருந்து வலமாக ஒரே வீச்சாகச் சுழற்றிவிட்டு "ஒன்னும் இல்லப்பா" என்பார்கள். ஏரியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் செலவிடுங்கள்.

திறந்த நீரில் கறுப்பாக, நெற்றியில் நாமம்போல வெள்ளையோடு மிதப்பது நாமக்கோழி. பெயரை வைத்தவர் வாழ்க. அதன் நடுவே உள்ளங்கை அளவில் ஒன்று சட்டென்று மறைந்து பத்தடி தள்ளி முளைத்தால் முக்குளிப்பான். தண்ணீருக்கு வெளியே கழுத்து மட்டும் பாம்புபோல நீண்டு வளைந்து தெரிந்தால் பாம்புத்தாரா.

அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய இடத்தில் நீலத்தாழைக்கோழியைப் பார்க்காமல் திரும்பவே முடியாது, ஊதா நீல உடம்பும் தடித்த சிவப்பு மூக்குமாக, தண்டைக் காலில் பிடித்துக்கொண்டு கரும்பு தின்பதுபோலத் தின்னும். அதே இடத்தில் இலைமேல் நடக்கும் இலைக்கோழிகளைத் தேடுங்கள். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் பனிக்காலத்தில் இருக்காது, படத்தில் பார்த்ததை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். மேலே தாழப் பறந்து தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்புவது மீசை ஆலா.

சம்புக் கோரைக்குள் பொறுமையாகப் பார்த்தால் செந்நாரை சிலைபோல நிற்கும். கரையோர மரங்களில் பஞ்சுருட்டான், கரிச்சான், மீன்கொத்திகள். வெண்மார்பு மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் ஹெலிகாப்டர்போல அந்தரத்தில் நின்று தலைகுப்புற விழும்.

வானத்தையும் மறக்காதீர்கள். திடீரென்று ஏரியில் இருக்கும் வாத்தெல்லாம் ஒன்றாக எழும்பினால், அவற்றைப் பார்க்காமல் அவற்றுக்கு மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து சிறகை வி போல உயர்த்திக் கோரைமேல் தாழ மிதந்து வந்துகொண்டிருக்கும். நாமக்கோழிகள் சிதறிக் கிடந்தவை ஒரே கொத்தாக நெருங்கினாலும் அதே அர்த்தம்தான்.

எது எது என்று கண்டுபிடிப்பது

நிறத்தில் ஆரம்பிக்காதீர்கள். அளவு, உருவம், மூக்கு, கால், நடத்தை, கடைசியில்தான் நிறம். அளவுக்கு நமக்குத் தெரிந்த மைனா, காக்காய், கொக்கு மூன்றையும் முழக்கோலாக வைத்துக்கொள்ளுங்கள். "மைனாவைவிடச் சின்னது, வாலை விடாமல் ஆட்டுகிறது" என்று நோட்டில் எழுதினாலே வாலாட்டியா உள்ளானா என்ற அளவுக்கு வந்துவிடலாம்.

வெள்ளைக் கொக்கில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூக்கும் கறுப்பு, காலும் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. செருப்பு மட்டும் மஞ்சளில் போட்டதுபோல இருக்கும், பறக்கும்போது பளிச்சென்று தெரியும். மாடுகளோடு புல்லில் சுற்றுவது, குட்டையான மஞ்சள் மூக்கு என்றால் உண்ணிக்கொக்கு. கஷ்டம் மற்ற இரண்டில்தான். பெரிய கொக்குக்குக் கழுத்தில் முறிந்ததுபோல ஒரு வளைவு இருக்கும், வாய் பிளவு முடியும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும், மூக்கின் நுனியில் கறுப்பு தொட்டிருக்கும். இதைக் கலங்கலில் நின்று பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் மறக்காது. மடையான் வேறு கதை, உட்கார்ந்திருக்கும்போது சேற்றோடு சேறாகக் கோடு போட்ட பழுப்பு, காலடியில் எழும்பும்போது முழு வெள்ளைச் சிறகு.

வாத்தில் நம்மூர்க்காரர் புள்ளிமூக்கு வாத்து, கறுப்பு மூக்கின் நுனியில் மஞ்சள் தோய்ந்திருக்கும், வருஷம் முழுக்க உண்டு. விருந்தாளிகளில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகு வாத்து மூன்றையும் தெரிந்துகொண்டால் சென்னைக்குப் போதும். அக்டோபரில் போய்ப் பார்த்தால் எல்லாமே ஒரே பழுப்பாக இருக்கும், ஆணும் பெட்டையும் தெரியாது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பழைய இறகை உதிர்த்துப் பெட்டைபோல மங்கிவிடும், டிசம்பர் வாக்கில்தான் புது இறகு முளைத்து மாப்பிள்ளைக் கோலத்துக்கு வரும். முதல் இரண்டு மாதம் வாத்து புரியவில்லையே என்று புத்தகத்தை மூடிவைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் மூக்கை மட்டும் பாருங்கள், கரண்டி மாதிரி அகன்றிருந்தால் தட்டைவாயன், அது பழுப்பாக இருந்தாலும் ஏமாற்றாது.

உள்ளான்களைப் பற்றி என்ன சொன்னாலும் முதல் சீசனில் குழப்பம் தீராது, தீரவும் வேண்டாம். பவளச் சிவப்புக் கால் நெடுங்கால் உள்ளான், குருவி அளவில் கூட்டமாக ஓடி ஓடிக் குத்துவது கொசு உள்ளான், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு நின்று ஓடி நின்று ஓடி மேய்வது சின்னப் பட்டாணி உள்ளான், நீண்ட நேர் மூக்கோடு, பறக்கும்போது வாலில் கறுப்புப் பட்டை காட்டுவது கருவால் மூக்கன். இந்த நாலு போதும். மீதியை "உள்ளான், தெரியவில்லை" என்று எழுதுங்கள். மெர்லின் செயலி நல்ல துணைதான், படத்தையும் குரலையும் வைத்துப் பெயர் சொல்லும், ஆனால் எட்டத்தில் எடுத்த மங்கலான உள்ளான் படத்துக்கு அது சொல்லும் பெயரை அப்படியே நம்பி யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள். எனக்கு ஒரு பிரியாணி போனது.

இங்கே ஒரு புலம்பல். பெரிய பறவை எதைக் கண்டாலும் "சைபீரியாவிலிருந்து வந்திருக்கு", "ஆஸ்திரேலியாப் பறவை" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே தண்ணீரைத் தேடி இடம் மாறும் பறவைகள், பனிக்காலத்தில் வேடந்தாங்கலில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. எங்கே குஞ்சு பொரிக்கிறதோ அதுதானே சொந்த ஊர்? உண்மையான வெளிநாட்டு விருந்தாளி, நீங்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் அந்தக் கொசு உள்ளான். ஆர்க்டிக் கரையில் முட்டையிட்டு, குருவி அளவு உடம்பை வைத்துக்கொண்டு இந்தச் சேறு வரைக்கும் பறந்து வந்திருக்கிறது.

எண்ணுவதும் எழுதுவதும்

தேதி, நேரம், மதகுப் படியில் தண்ணீர், பறவை, எண்ணிக்கை. இந்த ஐந்தும் போதும். முந்நூறு நாமக்கோழியை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. இருபதை எண்ணி, அந்த இருபது பார்வையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அந்த அளவுத் துண்டு எத்தனை இருக்கிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். முதலில் ரொம்பத் தப்பும், நாலைந்து முறையில் கை பழகும்.

ஈபேர்ட் என்ற செயலியில் இதையே ஏற்றலாம், இலவசம். 2015-இலிருந்து ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்டில் பதிந்தால் நீங்களும் சேர்ந்தாயிற்று. காணும் பொங்கலன்று கூட்டம் கிளம்புவதற்கு முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். கூட யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்பவர்களுக்கு 1978-இலிருந்து இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி என்ற இயற்கை ஆர்வலர் சங்கம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரோடு ஒரு காலை நடந்தால் மூன்று மாதப் படிப்பு மிச்சம்.

செய்யக்கூடாதவை

படத்துக்காகப் பறவையை எழுப்பிவிடுவது. கல் எறிவதைச் சொல்லவில்லை, அதைச் செய்பவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள். மெல்ல மெல்லக் கிட்டப் போய்க்கொண்டே இருப்பதும் அதேதான். பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் அதற்கு மேல் ஒரு அடி வைக்காதீர்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது, ட்ரோன் விடுவது, ரொட்டியும் பொரியும் போடுவது எல்லாம் வேண்டாம். கூடு இருக்கும் மரத்தின் படத்தை இடம் குறித்துப் பகிராதீர்கள். ரேடியல் சாலையிலோ பெரும்பாக்கம் சாலையிலோ பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி பின்பக்கமாக நகராதீர்கள், பின்னால் தண்ணி லாரி வரும்.

சொந்த ஏரி பழகிய பிறகு

தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம்–கோவளம் சாலைக்குப் போங்கள். காயலும் உப்பளமும் சேர்ந்த இடம், ஏரியில் பார்க்க முடியாத ஆலாக்களும் கடற்கரை உள்ளான்களும் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும். பூநாரையே குறி என்றால் வடக்கே பழவேற்காடு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அப்புறம் வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து அந்த ஊர்க்காரர்கள் காவல் காத்ததும், 1798-இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அந்தக் காவலுக்கு எழுத்தில் அங்கீகாரம் கொடுத்ததும் அங்கே நின்று நினைத்துப் பார்க்க வேண்டியவை. பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது, கூட்டமும் குறைவு, வேடந்தாங்கலில் பார்த்த நாரைக்குப் பிறகு வாத்துக்கு அங்கே போய்விட்டு வரலாம்.

மார்ச் கடைசியில் உங்கள் ஏரிக்குத் திரும்பும்போது கருவால் மூக்கன்களில் சில செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும், மீசை ஆலாவின் வயிறு கறுத்துக்கொண்டிருக்கும். ஊருக்குப் போகும் முன் புதுத்துணி. ஏப்ரலில் அவை போய்விடும், உள்வாய் வெடித்துக் காய்ந்துவிடும், பையன்கள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். அப்போது குறுக்கே நடந்தால் காலடியைப் பார்த்து வையுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றுகிறதென்றால் அதன் முட்டை அங்கேதான் எங்கேயோ வெறும் தரையில், மண்கட்டியோடு மண்கட்டியாகக் கிடக்கிறது.